எண்ணெய்க் கிணற்றில் அமுக்கம் செலவாகும் விதம்

எண்ணெய்க் கிணறு என்றதும் பூமியைப் பிளந்துகொண்டு வானளாவப் பீறிடும் கரிய ஊற்றையே நம்மில் பலர் மனத்தில் கற்பித்துக்கொள்கிறோம். ஆயினும், அவ்வாறு கட்டுக்கடங்காமல் பீறிடுவது விபத்தேயன்றி வெற்றியன்று என்பதையும், ஒழுங்காகத் தொழிற்படும் கிணறொன்றில் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்திலிருந்து புறப்படும் எண்ணெய், மேலே வந்து சேருமுன் தனக்கு வாய்த்திருந்த அமுக்கத்தின் பெரும்பகுதியை வழியிலேயே செலவிட்டுவிடுகிறது என்பதையும், அந்தச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டி நிர்ணயிப்பதே பெற்றோலியப் பொறியியலின் மிகக் கடினமான பிரச்சினைகளுள் ஒன்று என்பதையும் அறிந்தவர் சிலரே.

எண்ணெய் வயல் ஒன்றுமில்லாத யாழ்ப்பாணத்து அரியாலையில் இருந்துகொண்டு இதைப்பற்றி எழுதுவானேன் என்று கேட்பவருக்கு, நம் காலடியில் இருக்கும் பூமியையே விடையாகக் காட்டலாம். காவிரிப் படுகை எனப்படும் அடையற் பாறைத் தொகுதி தஞ்சை, நாகப்பட்டினக் கரைகளோடு நின்றுவிடவில்லை. பாக்கு நீரிணையின் கீழாகத் தொடர்ந்துவந்து, நமது சுண்ணக்கல்லுக்கு அடியிலும் மன்னார்த் தீவின் மணலுக்கு அடியிலும் பரந்து கிடக்கிறது. அக்கரையில் 1964ஆம் ஆண்டில் காரைக்காலில் முதலாவது ஆய்வுக் கிணறு தோண்டப்பட்டு, இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரயத்தனத்தின் பின் 1985இல் நரிமணத்தில் எண்ணெய் வெளிப்பட்டது. அந்த எண்ணெயைச் சுத்திகரிப்பதற்கு நாகப்பட்டினத்துக்கு அருகே ஓர் ஆலையும் எழுந்தது. இக்கரையில், சோவியத் நிபுணரின் துணையோடு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1974இல் மன்னார்த் தீவின் பேசாலையில் துளையிடத் தொடங்கியது. பேசாலையிலும் அதன்பின் கடலிலும் இடப்பட்ட துளைகள் எவையும் பயன்தரத்தக்க எண்ணெயைக் காட்டாமையால், எழுபதுகளில் எழுந்த அந்த நம்பிக்கை எண்பதுகளின் தொடக்கத்தோடு அடங்கிப்போயிற்று. மறுபடியும் அது உயிர்பெற்றது 2011இல். மன்னார்க் கடற்படுகையில் கெய்ர்ன் நிறுவனம் இட்ட டொராடோ, பரகுடா என்னும் இரு கிணறுகளில் இயற்கை வாயுவும் அதனோடு சிறிதளவு திரவமும் காணப்பட்டன. ஏறத்தாழ நான்காண்டுகளில் அந்நிறுவனம் விலகிக்கொண்டது. இன்றுவரை அங்கே உற்பத்தி தொடங்கவில்லை. பூமிக்குள் பொருள் இருக்கிறதா என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, இருக்கும் பொருள் தன் சொந்தப் பலத்தால் மேலே வந்து சேருமா என்ற கேள்வி எழும். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

குழாய் வழியே மேலேறும் எந்தப் பாய்பொருளும் மூன்று விதமாகத் தன் அமுக்கத்தைச் செலவிடுகிறது. தன் பாரத்தைத் தானே தூக்குவது ஒன்று. குழாயின் சுவரோடு உராய்வது மற்றொன்று. போகப்போக வேகம் பெறுவது மூன்றாவது. மூன்றாவது செலவு பெரும்பாலான கிணறுகளில் மிகச் சொற்பம். உராய்வும் சாதாரண எண்ணெய்க் கிணற்றில் பாரத்துக்கு அடுத்தபடியே நிற்கும். ஆகவே, கணக்கின் உயிர்நிலை பாரத்திலேயே இருக்கிறது. குழாயில் எண்ணெய் மாத்திரம் நிறைந்திருக்குமானால் பாடசாலை மாணவனும் அந்தக் கணக்கைச் செய்துவிடுவான்: கனமீற்றருக்கு 800 கிலோகிராம் அடர்த்தியுள்ள எண்ணெய் 2000 மீற்றர் உயரத்துக்கு நின்றால், அதன் அடியில் ஏறத்தாழ 157 பார் அமுக்கம் இருக்கும், அதாவது, நாம் சுவாசிக்கும் வளிமண்டலத்தின் அமுக்கத்தைப்போல் நூற்றைம்பது மடங்குக்குச் சற்று அதிகம்.

அந்த ஆழத்தில் உள்ள பாறையின் அமுக்கம், கடல்நீர் மட்டத்திலிருந்து அதுவரை நீர் நின்றால் எவ்வளவோ அவ்வளவு என்று கொண்டு, 200 பார் என வைத்துக்கொள்வோம். பாறையின் நுண்துளைகளிலிருந்து எண்ணெய் கிணற்றுக்குள் கசிந்து வரவேண்டுமானால், கிணற்றின் அடியில் அதனிலும் குறைந்த அமுக்கம், 150 பார் என்று சொல்லலாம், இருக்கவேண்டும். இருப்பதோ 150, எண்ணெய்க் கம்பத்தைத் தாங்க வேண்டியதோ 157. அப்படியாயின் எண்ணெய் மேலே வரவே கூடாது. ஆனாலும், உலகெங்கும் எத்தனையோ கிணறுகளில் யந்திரத்தின் உதவியின்றியே அது வருகிறது. அதை மேலே தூக்கிவருவது வாயு.

பாறையினுள் மிகுந்த அமுக்கத்தில் எண்ணெயோடு எண்ணெயாகக் கரைந்து கிடக்கும் வாயு, குழாயில் ஏற ஏற அமுக்கம் தணிவதால், ஒரு குறிப்பிட்ட அமுக்கத்தில் நுண்ணிய குமிழிகளாகப் பிரியத் தொடங்குகிறது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு மீற்றரிலும் புதிய குமிழிகள் பிறப்பதோடு பழைய குமிழிகளும் விரிவடைகின்றன. குழாயின் மேற்பகுதியில் கணிசமான இடத்தை இவ்வாறு வாயு பிடித்துக்கொள்வதால், கம்பத்தின் மொத்தப் பாரம் குறைந்து, 150 பாரால் அதைத் தூக்க முடிகிறது. இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. வாயு எவ்வளவு விரியும் என்பது அமுக்கத்தைப் பொறுத்தது. அமுக்கமோ குழாயில் எவ்வளவு திரவம் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. திரவம் எவ்வளவு நிற்கும் என்பதோ வாயு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பரஸ்பரம் ஒன்றை ஒன்று பற்றி நிற்கும் இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்து அறிய வழியில்லை.

இத்தோடு நின்றிருந்தாலும் சமாளித்திருக்கலாம். வாயுவும் திரவமும் ஒரே வேகத்தில் செல்வதில்லை என்பது அடுத்த இடர். இலேசான வாயு திரவத்தை முந்திச் செல்கிறது. முந்திச் செல்லும் பொருள் குழாயில் குறைந்த நேரமே இருக்கும். ஆகவே, எந்தக் கணத்திலும் குழாயினுள் காணப்படும் திரவத்தின் பங்கு, வெளியே வந்து சேரும் கலவையில் உள்ள பங்கைவிட எப்போதும் அதிகமாயிருக்கும். இந்தப் பங்கைத் தங்கல் என்று இக்கட்டுரைக்காக அழைப்போம். 62 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயில், திரவமும் வாயுவும் அவ்விடத்து அமுக்கத்தில் சமகன அளவாக, ஒவ்வொன்றும் தனியே ஓடினால் நொடிக்கு அரை மீற்றர் வேகம் பெறும் அளவுக்குப் பாய்கின்றன என்று கொள்வோம். குழாயை அடைத்துக்கொண்டு ஏறும் பெருங்குமிழி, நின்ற திரவத்தில் நொடிக்குச் சுமார் 0.27 மீற்றர் வேகத்தில் தானாகவே மிதந்தேறும். ஓடும் கலவையிலோ, குழாயின் நடுவில் வேகம் சராசரியைவிட அதிகம் ஆதலால், சராசரியின் 1.2 மடங்கும் அதனோடு சேரும். ஆகவே, வாயுவின் உண்மை வேகம் 1.47 மீற்றர், குழாயில் அது பிடிக்கும் இடம் நூற்றுக்கு 34, திரவம் பிடிப்பது 66. வெளியே பாதிக்குப் பாதியாக வந்து விழும் கலவை, உள்ளே மூன்றில் இரண்டு பங்கு திரவமாக நிற்கிறது.

இந்த வித்தியாசம் சிறிது என்று எண்ணலாகாது. மேலே சொன்ன 2000 மீற்றர்க் கிணற்றில் சராசரித் தங்கல் நூற்றுக்கு 60 என்றால், கம்பத்தின் பாரம், வாயுவின் பாரத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 99 பார்; கிணற்றின் வாயில் 51 பார் மிஞ்சும். தங்கல் 80 ஆனால் பாரம் 128 பாராகி, மிஞ்சுவது 22 மாத்திரமே. அதிலும் உராய்வுக்கு ஒரு பங்கைக் கொடுத்தாக வேண்டும். வாயையும் வாயுவைப் பிரிக்கும் கலத்தையும் இணைக்கும் குழாய்க்கு முப்பது பார் தேவையென்றால், முதலாவது கிணறு ஓடும்; இரண்டாவது நின்றுவிடும்.

இந்த ஓட்டத்தைக் கண்ணால் பார்க்க எண்ணெய் வயலுக்குப் போகவேண்டியதில்லை. நம் பகுதியில் குழாய்க் கிணறு அடித்தபின் அதைக் கழுவும்போது சற்று அருகில் நின்று பார்த்தால் போதும். கொம்பிரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயை நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இறக்கிக் காற்றைத் திறந்தால், சிறிது நேரம் ஒன்றும் நிகழாது. பின்பு, குழாயின் வாய்வரை நீர் பொங்கி எழும். காற்று குறைவாயிருந்தால் நீர் விளிம்புவரை வந்து, தயங்கி, மீண்டும் உள்ளே இறங்கிவிடும். காற்றைக் கூட்டினால், சுண்ணக்கல் தூளும் மணலும் கலந்த வெண்கலங்கல் நீர் ஒரு கட்டியாக வெளியே வந்து விழும். அதைத் தொடர்ந்து வெறுங்காற்று சீறும். மறுபடி ஒரு நீர்க்கட்டி வரும். இன்னும் கூட்டினால் கட்டிகள் சிதைந்து, நுரையும் தெறிப்புமாகக் குமுறும். அளவுக்கு மிஞ்சிக் கூட்டினாலோ, நடுவே காற்றும் சுவரோரம் மெல்லிய நீர்ப்படலமுமாகச் சாரல் மாத்திரமே வரும். வாளியில் சேரும் நீர் முன்னையிலும் குறைந்துபோகும். இந்த வேலையில் பழகியவர்கள் கொம்பிரசரின் ஓசையையும் நீர் விழும் லயத்தையும் கேட்டே காற்றைக் கட்டுப்படுத்துகிறார்கள். குமிழ் ஓட்டம், கட்டி ஓட்டம், குமுறல் ஓட்டம், வளைய ஓட்டம் என விஞ்ஞானிகள் வகுத்த நான்கு வகைகளும் அந்தச் சில நிமிடங்களில் நம் முன்னே நடந்தேறிவிடுகின்றன. எண்ணெய் வயல்களிலும் ஓட்டம் தளர்ந்த கிணறுகளுக்கு இதே விதமாக வாயுவை உட்செலுத்தி எண்ணெயைத் தூக்குகிறார்கள்.

சாரல் வந்தபோது நீர் ஏன் குறைந்தது? காற்றைக் கூட்டக் கூட்டப் பாரம் குறைகிறது. ஆனால் வேகமும் உராய்வும் வளர்கின்றன. ஒரு கட்டத்துக்கு அப்பால் பாரத்தில் மிச்சம் பிடித்ததைவிட உராய்வுக்குக் கொடுத்தது அதிகமாகிவிடும். எண்ணெய்க் கிணற்றிலும் இதுவே நியதி. ஓட்டத்தின் அளவைக் கிடையாகவும், அந்த அளவுக்கு ஓடுவதற்குக் கிணற்றின் அடியில் தேவைப்படும் அமுக்கத்தை நிலைக்குத்தாகவும் குறித்து வரைந்தால், வளைகோடு முதலில் இறங்கிப் பின் ஏறும். வளைகோட்டின் மிகத் தாழ்ந்த புள்ளிக்கு வலப்பக்கத்தில் இருக்கும் கிணறு ஸ்திரமானது. இடப்பக்கத்துக்குத் தள்ளப்பட்ட கிணறோ, ஓட்டம் சிறிது குறைந்தாலும் மேலும் பாரமேறி, மேலும் குறைந்து, முடிவில் தானே தன் திரவத்தில் அமிழ்ந்து இறந்துவிடும். பாறையில் எண்ணெய் இன்னும் மீந்திருக்கும்போதே கிணறு இறந்துபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இப்படிப்பட்ட ஓட்டத்துக்குச் சூத்திரம் தேடிய வரலாறு விஞ்ஞானத்தின் பொறுமைக்கு நல்ல உதாரணம். 1952இல் அமெரிக்கரான பெட்மனும் கார்ப்பென்டரும், உண்மையான கிணறுகளில் எடுத்த அளவைகளைக்கொண்டு, கலவை முழுவதையும் ஒரே பாய்பொருளாகப் பாவித்து, தம் அறியாமை முழுவதையும் ஓர் உராய்வுக் குணகத்துள் அடக்கிவிட்டார்கள். அது பயன்பட்டது, ஆனால் வாயு முந்திச் செல்வதை அது தனியே காணவில்லை. நெதர்லாந்தில் ஷெல் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் ரோஸ் என்பவர் வேறு வழியில் சென்றார். நிலைக்குத்தான குழாய்களில் ஆயிரக்கணக்கான பரிசோதனைகளை நடத்தி, திரவத்தில் கதிர்த்தொழிற்பாடுள்ள பொருளைக் கலந்து தங்கலை நேரடியாக அளந்து, எண்ணற்ற மாறிகளைச் சில பரிமாணமற்ற எண்களாகச் சுருக்கினார். டன்ஸ் என்பவரும் அவரும் சேர்ந்து அதை 1963இல் பிராங்க்பேர்ட் நகரில் கூடிய உலகப் பெற்றோலிய மகாநாட்டில் சமர்ப்பித்தார்கள்.

1965இல் டெக்ஸாஸில் ஹேகடோர்னும் பிரௌனும் செய்த பரிசோதனையே இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் கவர்ந்தது. ஆய்வுகூடத்தின் குறுங்குழாயில் திருப்தி காணாமல், 1500 அடி ஆழமுள்ள மெய்யான கிணறொன்றையே அவர்கள் பரிசோதனைச் சாலையாக்கி, ஓரங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் வரையான குழாய்களில், நீர் முதற்கொண்டு அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் பிசுக்குமையுள்ள எண்ணெய் வரை செலுத்தி, அமுக்கத்தை வெவ்வேறு ஆழங்களில் அளந்தார்கள். தங்கலை மாத்திரம் அவர்கள் அளக்கவில்லை. அளந்த அமுக்கத்துக்குப் பொருந்தும்படி தங்கல் எவ்வளவு இருந்திருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணித்தார்கள். ஆகவே, அவர்களுடைய தங்கல் குழாயில் கண்ட உண்மையன்று, கணக்குப் பொருந்துவதற்காகப் பெற்ற எண். சில நிலைமைகளில் அது நடக்கவியலாத மதிப்பைத் தருகிறது; வாயு திரவத்தைவிடப் பிந்திச் செல்கிறது என்று பொருள்படுமளவுக்குச் சிறுத்துவிடுகிறது. பின்வந்தோர் அதற்கு ஓர் எல்லை கட்டிவிட்டு, சூத்திரத்தைக் கைவிடாமல் இன்றளவும் பிரயோகித்து வருகிறார்கள். நிலைக்குத்தான எண்ணெய்க் கிணறுகளில் அது தரும் விடை அவ்வளவு நம்பத்தக்கது.

1973இல் டல்ஸா பல்கலைக்கழகத்தில் பெக்ஸும் பிரில்லும் ஒளிபுகும் அக்கிரிலிக் குழாயை எந்தக் கோணத்துக்கும் சாய்க்கக்கூடியதாக அமைத்து, காற்றும் நீரும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரு முனைகளிலும் வால்வுகளைச் சட்டென மூடி, அகப்பட்ட நீரை அளந்து, தங்கலை நிர்ணயித்தார்கள். கடலில் ஒரே மேடையிலிருந்து பல திசைகளிலும் சாய்த்துத் துளையிடும் கிணறுகளுக்கு இது பெரிதும் வேண்டியிருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் ஹேமந்த முகர்ஜி பிரில்லோடு சேர்ந்து எண்பதுகளில் இதை மேலும் விரிவாக்கினார். அதன்பின் வந்தவர்கள், அளவைகளுக்குக் கோடு பொருத்துவதை விடுத்து, ஒவ்வொரு வகை ஓட்டத்திலும் குமிழியும் படலமும் எந்த விசைகளால் அசைகின்றன என்று பௌதிக விதிகளிலிருந்தே தொடங்கலானார்கள்.

எந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டாலும் கணக்கிடும் முறை ஒன்றே. கிணற்றின் வாயிலோ அடியிலோ தெரிந்த ஓர் அமுக்கத்திலிருந்து தொடங்கி, குழாயை ஐம்பது அல்லது நூறு மீற்றர்த் துண்டங்களாகப் பிரித்து, முதல் துண்டத்தின் மறுமுனையில் அமுக்கம் இவ்வளவு இருக்கும் என்று ஊகித்து, அந்த ஊகத்தின்படி கரைந்துள்ள வாயு எவ்வளவு, பிரிந்த வாயு எவ்வளவு, அடர்த்தி என்ன, பிசுக்குமை என்ன, ஓட்டம் எவ்வகையது, தங்கல் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கண்டு, அவற்றிலிருந்து அமுக்க வீழ்ச்சியைக் கணித்து, ஊகமும் விடையும் ஒன்றுபடும்வரை திரும்பத் திரும்பச் செய்து, பின்னர் அடுத்த துண்டத்துக்குச் செல்லவேண்டும். கணிப்பொறி இல்லாத நாட்களில் இதற்கு அஞ்சியே பொறியியலாளர் ஆயத்தமாக வரைந்து வைத்த வளைகோடுகளை நாடினார்கள். இன்று இமைப்பொழுதில் முடிகிறது. ஆனால் வேகம் உண்மையாகிவிடாது. ஒரே கிணற்றுக்கு நான்கு சூத்திரங்கள் நான்கு விடை தருவது சர்வசாதாரணம். ஒவ்வொரு சூத்திரமும் தான் பிறந்த குழாயின் விட்டத்தையும் தான் பழகிய திரவத்தின் சுபாவத்தையும் தன்னுள் சுமந்து நிற்பதால், ஒன்றரை அங்குலக் குழாயில் காற்றையும் நீரையும் கொண்டு பெற்ற விதியை ஐந்தங்குலக் குழாயில் எண்ணெய்க்குப் பிரயோகிக்கும்போது அது பிழைபடுமோ என்று சந்தேகிப்பதே முறை. அதனால்தான், உருக்குக் கம்பியில் அமுக்கமானியைக் கட்டி, ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றுக்குள் இறக்கி, ஆழத்துக்கு ஆழம் நிறுத்தி அளந்து, எந்தச் சூத்திரம் அந்த வயலுக்கு ஒத்துவருகிறது என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

தேர்ந்தெடுத்த சூத்திரமும் என்றென்றைக்கும் நிலைப்பதில்லை. காலப்போக்கில் நீர் வந்து சேர்கிறது. நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கும் நமது சுண்ணக்கல் நிலத்தில், வெயில் காலத்தில் கிணற்றை மிகையாக இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும் என்பது அரியாலைத் தோட்டக்காரர் எவரும் அறிந்தது. எண்ணெய்ப் படையின் கீழே கிடக்கும் நீரும் அதே காரணத்தால், அதே வடிவில், கூம்பாக மேலெழுகிறது. எண்ணெயைவிட நீர் பாரமானது. அதில் கரையும் வாயுவும் மிகச் சொற்பம். ஆகவே, நீரின் பங்கு கூடக் கூடக் கம்பத்தின் பாரம் ஏறி, அதைத் தூக்கவேண்டிய வாயு குறைகிறது. எண்ணெயும் நீரும் குழம்பிப் பால்போல் திரண்டுவிட்டால், கலவையின் பிசுக்குமை இரண்டில் எதனுடைய பிசுக்குமையையும்விடப் பன்மடங்கு உயர்ந்துவிடவும் கூடும். எண்ணெய், நீர், வாயு என்னும் மூன்று அவத்தைகள் சேர்ந்தோடும் இந்த நிலைக்குத்தான் இன்னும் திருப்தியான விதி கிடைத்தபாடில்லை.

மன்னாரில் கண்டது பெரும்பாலும் வாயு. அங்கே கேள்வி திரும்பிவிடுகிறது: திரவத்தை வாயு எவ்வளவு இலேசாக்கும் என்பதன்று, வாயுவோடு வரும் சொற்பத் திரவத்தை அது தூக்கிச்செல்லுமா என்பதே அங்கு விசாரிக்கவேண்டியது. 1969இல் டேர்னரும் அவருடைய சகாக்களும் காட்டியபடி, ஒரு துளியைக் கீழே விழாமல் தாங்குவதற்கு வாயுவுக்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை. கிணற்று வாயில் 70 பார் அமுக்கம் இருக்கையில், இலேசான எண்ணெய்த் துளிக்கு நொடிக்கு ஏறத்தாழ 2 மீற்றரும், நீர்த்துளிக்கு 3 மீற்றருக்குச் சற்றுக் குறைவாகவும் அது அமையும். வேகம் அதற்குக் கீழே இறங்கினால் துளிகள் திரும்பி விழுந்து அடியில் தேங்கிக் கிணற்றை மூழ்கடிக்கும். அகன்ற குழாயை இட்டால், தொடக்கத்தில் உராய்வு குறைந்து உற்பத்தி பெருகும். பாறையின் அமுக்கம் ஆண்டுதோறும் தணிய, அதே அகலம் வேகத்தைக் கொன்றுவிடும். ஒடுங்கிய குழாய் முதுமையில் நன்மை செய்யும். இளமையில் உராய்வால் நட்டப்படுத்தும். தரையிலுள்ள கிணறாயின், ஓட்டம் தளர்ந்த காலத்தில் பழைய குழாயினுள்ளே சிறிய குழாயொன்றைச் செருகிச் சமாளிப்பார்கள். டொராடோக் கிணற்றின் வாயோ 1354 மீற்றர் கடல்நீரின் அடியில், பரகுடாவின் வாய் 1509 மீற்றரின் அடியில், சில பாகை வெப்பமே உள்ள இருளில் இருக்கின்றன. அங்கே ஒரு குழாயை மாற்றுவதானால் ஆழ்கடலில் துளையிடும் கப்பலையே மறுபடி வரவழைக்க வேண்டியிருக்கும். ஆதலால், பதினைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் குழாயில் வாயு எந்த வேகத்தில் ஏறும் என்பதை, முதலாவது குழாயை இறக்குமுன்னரே கணித்துக்கொள்ள வேண்டும்.